நிசான் மூடப் போகுதாம் எண்டு சன்னி எஃப்.பி.15ஐ விக்கிறதா? திருகோணமலையில ஓட்டுற ஆளின்ட ரிவியூ

இது நிசான் சன்னி எஃப்.பி.15 பற்றின ரிவியூ. பெற்றோல், 1.5 லீற்றர், ஒட்டோ கியர். இருபது வருஷத்துக்கு மேல ஓடின காருக்கு இப்ப என்னத்துக்கு ரிவியூ எண்டு கேப்பீங்க, காரணம் இருக்கு. கொஞ்ச காலமா எங்கட திருகோணமலையில நிசான் வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே பயம், சென்னைக்காரர் போடுற யூடியூப் வீடியோவ பாத்திட்டு நிசான் இந்தியாவ விட்டுப் போகுதாம், கம்பெனியே தாழப் போகுதாம், பிறகு சாமான் ஒண்டும் கிடைக்காதாம் எண்டு கதைச்சுக் கொண்டு திரியுறாங்க. அந்தப் பயத்த வச்சு புரோக்கர்மார் காசு பாக்கிறாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு பென்சன் எடுத்த ரீச்சர், வடிவா வச்சிருந்த எஃப்.பி.15, ஒரு புரோக்கர் வந்து போன்ல அந்த வீடியோவ போட்டுக் காட்டி "ரீச்சர் இப்ப குடுத்தா இந்த விலை, அடுத்த வருஷம் இரும்புக் கடைக்காரனும் எடுக்க மாட்டான்" எண்டு சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுத்துக் கொண்டு போனான். கொஞ்ச நாள்ல அதே கார் விளம்பரத்தில நிக்குது, விலைய பாத்தா வயிறு எரியுது. அதுக்காகத்தான் இத எழுதுறன், இன்னொராள் இப்படி ஏமாறக் கூடாது.

முதல்ல கம்பெனி கதைய பாப்பம். நிசானுக்கு வருத்தம் கடுமை எண்டது உண்மை, அத மறைக்க ஒண்டும் இல்ல. 2025 மார்ச்சோட முடிஞ்ச வருஷக் கணக்கில 67,090 கோடி யென் நட்டம். அந்தக் கணக்க மே மாசம் சொன்ன நேரமே 20,000 பேர வேலையால குறைக்கிறம், 17 ஃபக்டரிய 10 ஆக்குறம், 2027 நிதியாண்டுக்குள்ள எல்லாம் முடிப்பம் எண்டு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னம் 2024 டிசம்பர்ல ஹொண்டாவோட சேருற பேச்சு தொடங்கி 2025 பெப்ரவரில முறிஞ்சு போச்சு, முறிஞ்ச கையோட தலைவரா இருந்த உச்சிடா விலகி ஏப்ரல்ல எஸ்பினோசா வந்தார். யோக்கோசுக்காவில இருக்கிற ஒப்பாமா ஃபக்டரி 1961லேர்ந்து ஓடுறது, நிசான்ட தாய் வீடு மாதிரி, அதிலயும் 2027 நிதியாண்டு முடிய கார் செய்யுறத நிப்பாட்டப் போறாங்க. ஏன் இப்படி ஆச்சு எண்டா சீனாவில உள்ளூர் கம்பெனிகளின்ட மின்சாரக் கார் வந்து இவங்கட வியாபாரத்த சாப்பிட்டுது, அமெரிக்காவில சனம் ஹைபிரிட் கேட்ட நேரம் குடுக்க இவங்களிட்ட ஹைபிரிட் இல்ல, பழைய மொடல விலை குறைச்சுக் குறைச்சு வித்து லாபம் போச்சு. இவ்வளவும் உண்மை.

ஆனா இதே கம்பெனி இதுக்கு முன்னமும் ஒருக்கா இப்படிப் படுத்தது. 1999ல கழுத்தளவு கடன்ல நிண்ட நேரம் பிரான்ஸ்காரன் ரெனோ வந்து 36.8 வீதப் பங்கு வாங்கினான், கம்பெனிய நிமித்த கார்லோஸ் கோன் எண்ட ஆள் வந்தார், 21,000 பேர குறைக்கிறம் எண்டு அப்பவும் அறிவிச்சாங்க, அப்பவும் ஃபக்டரி மூடினாங்க. எஃப்.பி.15 ஜப்பான்ல வந்தது எப்ப தெரியுமா, 1998 ஒக்டோபர். அதாவது நாங்க இண்டைக்கு ஓட்டுற கார் கம்பெனி போகப் போகுது எண்டு உலகம் முழுக்கக் கதைச்ச நேரத்தில செஞ்ச கார். அந்தக் கதை முடிஞ்சு, கோன் 2018ல பிடிபட்டு, 2019 கடைசில லெபனானுக்குத் தப்பி ஓடி, அதுக்குப் பிறகும் எத்தினையோ நடந்து முடிஞ்சுது, கார் இன்னும் நிலாவெளி ரோட்டில ஓடுது. ஜப்பான்ல சன்னி எண்ட பேரே 2004ஓட நிப்பாட்டிட்டாங்க, 1966லேர்ந்து இருந்த பேர். செய்யுறத நிப்பாட்டி இவ்வளவு காலம் ஆன பிறகும் இஞ்ச சாமான் வாங்கலாம். அப்ப சாமான் வாறதுக்கும் கம்பெனி நல்லா இருக்கிறதுக்கும் நாங்க நினைக்கிற அளவு தொடர்பு இல்ல எண்டது இதிலேயே விளங்குது.

இந்தியாக் கதைக்கு வருவம், ஏனெண்டா பயத்தின்ட ஊத்து அங்கதான். சென்னைக்குப் பக்கத்தில ஒரகடம் ஃபக்டரி 2010ல மைக்ராவோட தொடங்கினது, ரெனோவும் நிசானும் சேந்து நடத்தினது. பிறகு சன்னி வந்துது, டெரானோ வந்துது, கிக்ஸ் வந்துது, ஒண்டும் பெரிசா ஓடேல்ல. டட்சன் எண்ட பழைய பேர தூசு தட்டி மலிவுக் கார் விட்டாங்க, அதையும் 2022ல நிப்பாட்டிட்டாங்க. 2020 டிசம்பர்ல வந்த மக்னைட் எண்ட சின்ன எஸ்யூவிதான் கடைய நிமித்தி வச்சிருக்கு. அங்க விக்கிற கார் மொத்தத்தில நிசான்ட பங்கு நூத்துக்கு ஒண்டு கூட வராது. 2025 மார்ச்ல ஒரகடம் ஃபக்டரில இருந்த தன்ட 51 வீதப் பங்க ரெனோவுக்கே விக்கிறம் எண்டு சொன்னாங்க. உடன நிசான் போகுது எண்டு கத்தத் தொடங்கிட்டாங்க. ஆனா ஃபக்டரியின்ட பங்கு கை மாறினதும் கடைய மூடுறதும் ரெண்டு வேற வேலை, மக்னைட் அதே ஒரகடத்திலதான் செய்யுறாங்க, வெளிநாட்டுக்கும் அனுப்புறாங்க, 2026ல டெக்டன் எண்டு புது எஸ்யூவி வரும் எண்டும் 2025 ஒக்டோபர்ல பேர் வச்சுக் காட்டினாங்க. போகப் போறவன் புதுசா அச்சு வெட்டி கார் செய்ய மாட்டான். என்ட நினைப்பு, இந்தியாவில நிசான் சின்னக் கடையா இருந்து கொண்டே இழுக்கும், இப்போதைக்குப் போகாது. அந்தப் புது மொடல் ரெண்டு வருஷத்தில ஓடேல்ல எண்டாத்தான் போறது பற்றி உண்மையான கதை வரும். அப்படி வந்தா முதல்ல அடி விழுறது ஒரகடத்தில வேலை செய்யுற சனத்துக்கும் சாமான் செஞ்சு குடுக்கிற சின்னச் சின்ன ஃபக்டரிகளுக்கும்தான், வீடியோ போடுற ஆக்கள் அதப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கிறதில்ல.

சரி, போனாங்க எண்டே வையுங்க. ஒரு கம்பெனி ஒரு நாட்ட விட்டுப் போனா கார் வச்சிருக்கிற ஆளுக்கு என்ன நடக்கும்? இதுக்கு உதாரணம் கிடக்கு. ஜெனரல் மோட்டர்ஸ் 2017 கடைசியோட இந்தியாவில செவர்லே விக்கிறத நிப்பாட்டினது, ஃபோர்ட் 2021 செப்டம்பர்ல அறிவிச்சு 2022 ஜூலையில மறைமலை நகர்ல கடைசிக் கார இறக்கினது. ஃபோர்ட் போன பிறகும் சர்வீசும் சாமானும் தருவம் எண்டு சொல்லிட்டுத்தான் போனாங்க, ஈகோஸ்போர்ட் இண்டைக்கும் அங்க ஓடுது. நிசானே 2020 கடைசில தென்கொரியாவ விட்டுப் போனது, போகேக்க 2028 வரைக்கும் சர்வீஸ் இருக்கும் எண்டு சொன்னது. ரஷ்யாவில 2022ல யுத்தத்தால முழுச் சொத்தையும் ஒரு யூரோவுக்குக் குடுத்திட்டு வெளிக்கிட்டது. ஆக, கம்பெனி போனா முதல் நாள்ல விழுறது காரின்ட விலை. சாமான் உடன நிக்காது. ஒயில் ஃபில்டர், பிரேக் பேட், புஷ், பெயாரிங், பிளக், பெல்ட் எல்லாம் வேற வேற கம்பெனி செய்யுறது, அது எப்பவும் வரும். கஷ்டம் வாறது அந்தக் காருக்கு மட்டும் எண்டு செஞ்ச சாமான்ல, ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, முக்கியமா கம்பியூட்டர் பெட்டியும் சென்சரும். புதுக் கார்ல இதுகள்தான் கூட, பழைய கார்ல குறைவு. அதால கம்பெனி போறதால கூட அடிபடுறது புதுக் கார் வாங்கின ஆள்தான், எஃப்.பி.15 வச்சிருக்கிற ஆள் இல்ல.

இலங்கையில கதை இன்னும் வேற. எங்கட ரோட்டில ஓடுற நிசான்ல பெரும்பான்மை ஜப்பான்ல பாவிச்சு ரீகண்டிஷனா வந்தது, ஏஜென்ட் கொண்டு வந்தது கொஞ்சம்தான். 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனியார் காருக்கு 2025 பெப்ரவரிலதான் திரும்பத் திறந்தாங்க. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் எந்தக் கம்பெனிக் காரும் வரேல்ல. டொயோட்டாவும் வரேல்ல, ஹொண்டாவும் வரேல்ல, சுசுக்கியும் வரேல்ல. எல்லாக் கம்பெனியும் ஒண்டா இந்த நாட்ட விட்டுப் போன மாதிரித்தான் இருந்தது. அந்த அஞ்சு வருஷத்திலதான் 2022ல பெற்றோல் கியூவில நாள்க் கணக்கில நிண்டு, கியூஆர் அடிச்சு, டொலர் இல்லாம சாமான் விலை நாலு மடங்கா ஏறி எல்லாம் பாத்தம். அப்பவும் எஃப்.பி.15 ஓடினது, ஏனெண்டா கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில போய் நிண்டா இந்தக் காரின்ட எஞ்சின் முழுசா ஒண்டு, கியர்பொக்ஸ் ஒண்டு, கதவு நாலு, எதையும் எடுக்கலாம். அந்த அளவுக்கு இந்த மொடல் நாட்டுக்குள்ள வந்து குவிஞ்சு கிடக்கு.

இப்ப காருக்கு வருவம்.

எஞ்சின் கியூஜி15டிஈ. டைமிங் பெல்ட் இல்ல, செயின். ஒயில நேரத்துக்கு மாத்தினா இந்த எஞ்சின் சத்தம் போடாம கிடக்கும், ஒயிலில கஞ்சத்தனம் பாத்தா செயின் இழுபட்டுப் போகும். விடிய ஸ்டார்ட் பண்ணேக்க பானட்டுக்குப் பக்கத்தில நிண்டு கேளுங்க, முதல் ஒரு செக்கன் கடகட எண்டு ஒரு சத்தம் வந்து ஒயில் ஏறினதும் அடங்கும், அது பரவாயில்ல. சூடான பிறகும் அந்தச் சத்தம் நிக்காட்டி செயின், டென்சனர் எல்லாம் மாத்த வேண்டி வரும், விலை பேசேக்க அத கழிச்சுத்தான் பேசோணும்.

இந்த எஞ்சின்ட உண்மையான பலவீனம் எயார்புளோ சென்சர். எயார் கிளீனர் பெட்டிக்கும் த்ரொட்டில் பொடிக்கும் நடுவில இருக்கும், சின்னதா, ரெண்டு ஸ்க்ரூ. அது பழுதாகினா கார் இழுக்காது, அன்புவழிபுரத்தில ஏறேக்க ஆக்சிலேட்டர மிதிச்சாலும் மூச்சுத் திணறும், சந்தியில ஏசியோட நிக்கேக்க ஆர்பிஎம் விழுந்து ஓஃப் ஆகும், பெற்றோல் குடிக்கும். கனக்க ஆக்கள் இத விளங்காம எஞ்சின் போச்சு எண்டு கார விக்கிறாங்க, அதுதான் கவலை. சென்சர மாத்தினா கார் புதுசு மாதிரி போகும். ஆனா எங்க வாங்குறீங்க எண்டதுதான் விசயம். எனக்கு கொழும்பில ஒரு கடை ஒரிஜினல் எண்டு சொல்லி பெட்டியோட பஸ்ல அனுப்பினது, பூட்டினா கொஞ்ச நாள்ல திரும்பப் பழைய கதை, கழட்டிப் பாத்தா உள்ளுக்க இருக்கிற கம்பி தலைமயிர் போல மெல்லிசு, மேல அடிச்ச எழுத்தே கோணல், அச்சு அசல் கொப்பி. பிறகு கழட்டின ஜப்பான் சாமான், பாவிச்சதுதான், ஒண்டு எடுத்துப் பூட்டினன், இண்டைக்கு வரைக்கும் கதை இல்ல. அதால இந்தக் காருக்கு என்ட அறிவுரை, சென்சர் எண்டா புதுக் கொப்பிய விட பாவிச்ச ஒரிஜினல் எடுங்க.

அடுத்தது கிராங்க் சென்சர். சூட்டில ஓடிக் கொண்டிருக்கேக்க சும்மா ஓஃப் ஆகி, அரை மணித்தியாலம் ஆற விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆனா அதுதான். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில பின்னேரம் ஆறு மணிக்கு அப்படி நிண்டா யானை வாற இடம், விளையாட்டில்ல, பழசெண்டா தூரப் பயணத்துக்கு முன்னமே மாத்திடுங்க. நாலு பிளக்குக்கும் நாலு கொயில், ஒண்டு போனா எஞ்சின் துடிக்கும், ஒரு கொயில் மட்டும் மாத்தினா காணும், நாலையும் மாத்தச் சொல்லுற கராஜ்க்குப் போகாதீங்க.

கியர்பொக்ஸ் நாலு ஸ்பீட் ஒட்டோ. இப்ப வாற சிவிடி (பெல்ட்டில ஓடுற கியர்பொக்ஸ்) மாதிரி இல்லாம முரட்டு சாமான், ஆனா ஒயில் சரியானத விடோணும், நிசான் மெட்டிக் டி எண்டு கேட்டு வாங்குங்க, கண்ட ஒயில விட்டா முதலாவது கியர்லேர்ந்து ரெண்டாவதுக்குப் போகேக்க உதறத் தொடங்கும். உதறல் இருக்கோ எண்டு பாக்க எங்கட ஊரில நல்ல இடம் கோட்டைக்குள்ளால கோணேசர் கோவிலுக்கு ஏறுற ரோட்டு. மான் குறுக்க வாற ரோட்டு, மெதுவாத்தான் போகோணும், அந்த மெதுவான ஏத்தத்தில கியர் மாறுறது வடிவா விளங்கும். அங்க ஒழுங்கா ஏறின காரின்ட கியர்பொக்ஸ நம்பலாம்.

பெற்றோல் டவுனுக்குள்ள ஏசியோட ஒம்பது, பத்து கிலோமீற்றர் குடுக்கும், கண்டி போய் வந்தா பதிமூண்டுக்குப் போகும். இப்பத்தைய சின்ன ஹைபிரிட்டோட ஒப்பிட்டா செலவு கூடத்தான், உண்மை. தினமும் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போய் வாற ஆளுக்கு அது யோசிக்க வேண்டிய செலவு. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் டவுனுக்கும் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்கிற குடும்பத்துக்கு அது பெரிய விசயம் இல்ல.

ஏசி பற்றி நல்லாச் சொல்லோணும். கச்சான் காத்து அடிக்கிற ஜூன் ஜூலையில, வெளியில நிக்க ஏலாத அனல்ல, உப்புவெளியிலேர்ந்து சீனக்குடாவுக்குப் போறதுக்குள்ள பின் சீட்டில இருக்கிற ஆளுக்கும் குளிர் போகும். ஆனா கண்டென்சர் முன்னுக்கு இருக்கிறதால கடல் காத்தில அரிச்சுப் போகும், ஒருக்கா மாத்தத்தான் வேணும்.

கடல் காத்து எண்டு சொன்னன், இதுதான் திருகோணமலையில எந்தப் பழைய காருக்கும் பெரிய எதிரி. கறள். கம்பெனி போகுதோ இல்லையோ, உங்கட கார கொல்லப் போறது கறள்தான். டொக்யார்ட் ரோட், உப்புவெளி, நிலாவெளி பக்கம் வீடுள்ள ஆக்களின்ட காருக்கு வாடைக் காலத்தில உப்புத் துளி வந்து படியும், மாரி மழை அதுக்கு மேல ஊறும். எஃப்.பி.15ல கறள் முதல்ல வாறது மூண்டு இடம். பின் ரயருக்கு மேல வளைவில உள்பக்கம் மடிச்ச விளிம்பு, விரல விட்டுத் தடவினா சொரசொரப்பாத் தெரியும். பற்றரித் தட்டுக்குக் கீழ, தட்டக் கழட்டிப் பாக்காட்டி தெரியவே தெரியாது. கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பெட்டி, அதில தண்ணி வடியுற ஓட்டை மண்ணால அடைபட்டா உள்ளுக்கேர்ந்து உக்கிப் போகும், வெளியில பெயின்ட் பளபளப்பா இருக்கும், ஸ்க்ரூட்ரைவரால தட்டினா பொத்தெண்டு உள்ளுக்கப் போகும். கண்டி, குருநாகல் பக்கம் ஓடின கார் எண்டா அந்தப் பிரச்சன குறைவு, அதால எங்கட ஊருக்குள்ள வாங்குறத விட வெளியில போய் வாங்குறது நல்லது, அத முகத்துக்கு நேர சொல்லுறன். வாங்கின பிறகு கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவோணும், சில ஆக்கள் மேல மட்டும் தேய்ச்சு மினுக்கிறாங்க, அது காணாது.

சஸ்பென்ஷன், பிரேக் பற்றி சொல்ல பெரிசா இல்ல, சாமான் மலிவு, எந்தக் கராஜ்லயும் செய்வாங்க. உள்ளுக்க டாஷ்போட் வெயிலில நிறம் போகும், பின் சீட்டில மூண்டு பேர் நெருக்கித்தான் இருக்கலாம், டிக்கி பெரிசு, கலியாண வீட்டுக்குப் போற நேரம் அரிசிச் சாக்கு ரெண்டு போட்டுக் கொண்டு போகலாம்.

இனி முக்கியமான விசயம், இத திறக்கத் தெரிஞ்ச ஆள். திருகோணமலையில எந்தக் கராஜ்க்குப் போனாலும் எஃப்.பி.15 எண்டா பொடியன்மார் கண்ண மூடிக் கொண்டு கழட்டுவாங்க. அவங்க பழகினதே இந்தக் கார்ல. எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர், எந்த ஒயில் சீல் எங்க கிடைக்கும், எல்லாம் கைக்குள்ள. ஒரு கார் நாட்டுக்குள்ள உயிரோட இருக்கிறது கம்பெனியின்ட ஷோரூம்ல இல்ல, இந்தப் பொடியன்மாரின்ட கையிலதான். டொயோட்டா கொரோலா 121க்கும் இதே வசதி இருக்கு, அது நல்ல கார் எண்டதில எனக்கு மறுப்பு இல்ல, ஆனா அதே நிலமையில இருக்கிற 121க்குக் கேக்கிற விலைக்கும் இதுக்குக் கேக்கிற விலைக்கும் இருக்கிற வித்தியாசத்தில எஃப்.பி.15ஐ எடுத்து கறள் வெட்டி, டிங்கர் வேலை செஞ்சு, நாலு ரயர், சென்சர் எல்லாம் புதுசாப் போட்டு மிச்சம் காசு வங்கியில போடலாம்.

இந்தப் பக்கம் நிசான்ட மின்சாரக் கார் லீஃப் வச்சிருக்கிற ஆக்களுக்கு வேற பதில், அவங்களுக்குப் பயப்பட வேண்டாம் எண்டு சொல்ல என்னால ஏலாது. முதல் லீஃப் 2010ல வந்தது, 24 கிலோவோட் மணி பற்றரி, அந்தப் பற்றரிய குளிராக்க தண்ணியும் இல்ல, காத்தாடியும் இல்ல. எங்கட வெயிலில அது தாங்காது. மீற்றர்ல பற்றரியின்ட உடம்பு நிலைக்கு 12 கோடு காட்டும், கோடு குறையக் குறைய ஓடுற தூரமும் குறையும், எட்டுக் கோட்டுக்கு வந்த கார் கந்தளாய் போய்த் திரும்பி வருமோ எண்டதே சந்தேகம். மூண்டாவது தலைமுறை லீஃப்புக்குத்தான் 2025ல தண்ணிக் குளிர் வச்சாங்க, இவ்வளவு காலம் எடுத்திருக்கு. அந்தப் பற்றரி கம்பெனியின்ட சாமான், அந்தக் காருக்கு மட்டும் செஞ்சது, திறக்கத் தெரிஞ்ச ஆள் எங்கட ஊரில இல்ல, கொழும்புக்கு ஏத்திக் கொண்டுதான் போகோணும். நிசான் இன்னும் சுருங்கினா அடி வாங்கப் போறது இந்த மாதிரிக் கார்தான். ஒரே கம்பெனி, ஒரே பட்ஜ், ஆனா ரெண்டு காருக்கும் ரெண்டு விதி, இத விளங்கிக் கொண்டா மட்டும் காணும்.

புதுசா இறக்குமதி திறந்த பிறகு நிசான்ட சின்னக் கார் ஈ-பவர் நோட், டேய்ஸ் எண்டு பாக்கிற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. கார் நல்ல கார், நான் ஓடிப் பாத்தனான், சத்தமே இல்ல. ஆனா லீசிங் எடுத்து அஞ்சு வருஷம் கட்டப் போற ஆள் எண்டா, அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள நிசான் எங்க நிக்கும் எண்டு பாத்திட்டு எடுங்க. கம்பெனி மூடாட்டியும் மொடல குறைக்கும், மொடல் குறைஞ்சா சாமான் குறையும், திரும்ப விக்கேக்க விலை விழும். கையில காசு வச்சு வாங்கி பத்து வருஷம் வச்சிருக்கிற ஆளுக்கு அந்தக் கணக்கு தேவையில்ல.

எஃப்.பி.15 இப்ப கையில இருக்கிற ஆக்கள் விக்க வேண்டாம். விக்கத்தான் வேணும் எண்டா, வீட்டு வாசலுக்கு வாற புரோக்கருக்குக் குடுக்காம, முதல்ல விளம்பரத்தில அதே வருஷக் கார் என்ன விலை போகுது எண்டு பிள்ளைகளக் கொண்டு பாக்கச் சொல்லுங்க, ஒரு கராஜ்ல ஏத்தி அடிப்பக்கம் போட்டோ எடுத்து வையுங்க, கறள் இல்லாட்டி அந்தப் போட்டோதான் உங்கட விலை. யாராவது வந்து நிசான் மூடப் போகுது எண்டு வீடியோ காட்டினா, அப்ப நீங்க ஏன் இத வாங்க வாறீங்க எண்டு கேளுங்க.

வாங்க நினைக்கிற ஆக்கள் 2000ம் ஆண்டுக்குப் பிறகு செஞ்சது, ஒரு கைக்கோ ரெண்டு கைக்கோ மேல மாறாதது, கடல் பக்கம் நிக்காதது பாருங்க. விடிய எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க போய்ப் பாருங்க, விக்கிற ஆள் நீங்க வர முன்னம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா பானட்ட தொட்டுப் பாத்திட்டு வேற நாள் வாறன் எண்டு சொல்லிட்டு வந்திடுங்க. பற்றரித் தட்டக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட விடாட்டி அந்தக் கார் வேண்டாம்.